இரவு வானம் அனுப்பும் வெப்பம்

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் ஆடி மாதத்து இரவும் தை மாதத்து இரவும் வெப்பத்தை இழக்கும் விதத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இரவிலும் ஓயாமல் வீச, தென்மேற்குப் பருவமழையின் மேகங்கள் ஆனைமலையின் பக்கத்திலிருந்து வானத்தை மூடிக்கொள்வதால், பகலில் சூடேறிய நிலம் விடியும்வரை பெரிதாகக் குளிர்வதில்லை. தையில் காற்று அடங்கி வானம் துலங்கிவிட்டால், களத்தில் மூடாமல் விட்ட கொப்பரையும், தோட்டத்துத் தக்காளி இலையும், வாசலில் நிற்கும் வண்டியின் கூரையும் பொழுது விடிவதற்குள் நனைந்துவிடுகின்றன. பனி இறங்குகிறது என்பது பேச்சு வழக்கு; உண்மையில் மேலிருந்து எதுவும் இறங்குவதில்லை, தரைக்கு அருகிலுள்ள காற்றின் நீராவிதான் குளிர்ந்துபோன பரப்புகளின் மேல் நீராகப் படிகிறது. அந்தப் பரப்புகள் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துபோவது எதனால் என்ற கேள்விக்கு விடை வானத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர்வீச்சை வானம் இரவும் பகலும் தரையை நோக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது கூடினால் நிலம் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும், குறைந்தால் குளிர்ந்துபோகும்.

அந்தக் கதிர்வீச்சின் பெயர் அகச்சிவப்பு. சிவப்பு ஒளிக்கு அப்பால், கண்ணுக்குப் புலப்படாத பகுதியில் வெப்பம் இருப்பதை வில்லியம் ஹெர்ஷல் 1800ஆம் ஆண்டில் வெப்பமானியைக் கொண்டு கண்டறிந்தார். வெப்பநிலை உள்ள எந்தப் பொருளும் கதிர்வீச்சை வெளியிடுகிறது. 27 டிகிரி செல்சியசில் உள்ள நிலமும் சுவரும் உடலும் வெளியிடும் கதிர்களின் அலைநீளம் 10 மைக்ரோமீட்டரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை, ஒட்டி உச்சத்தை அடைகிறது. நூற்பாலைகளின் ஊரில் இந்த அளவை உணர்த்துவது எளிது: ஒரு பருத்தி இழையின் அகலம் ஏறத்தாழ 12 முதல் 20 மைக்ரோமீட்டர் என்பதால், நிலம் வெளியிடும் வெப்ப அலையின் நீளம் அந்த இழையின் அகலத்தைவிடச் சற்றே சிறியது. படும் கதிர் அனைத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் கரும்பொருள் ஒன்று 27 டிகிரியில் இருந்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 459 வாட் வீதம் கதிர்வீச்சை வெளியிடும். மண்ணும் இலையும் இதற்குச் சிறிதே குறைவாக வெளியிடுகின்றன. இந்த இழப்பை ஈடுசெய்ய எதுவும் இல்லாவிட்டால் நிலம் ஒரே இரவில் கடுங்குளிருக்குப் போய்விடும். அப்படி ஆகாமல் காப்பது மேலேயுள்ள காற்று. உலகச் சராசரியாக, நிலமும் கடலும் சூரியனிடமிருந்து நேரடியாக உறிஞ்சும் ஆற்றல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 160 வாட் என்றால், வளிமண்டலம் அவற்றை நோக்கித் திருப்பி அனுப்பும் அகச்சிவப்பு ஆற்றல் ஏறத்தாழ 340 வாட். பகலும் இரவும் சேர்த்துப் பார்த்தால், பூமியின் பரப்பு சூரியனைவிட வானத்திடமிருந்துதான் இரண்டு மடங்கு வெப்பத்தைப் பெறுகிறது என்பது முதலில் கேட்பவருக்கு நம்பக் கடினமான, ஆனால் கருவிகள் உறுதிசெய்த உண்மை.

காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இதில் ஏறக்குறைய பங்கே இல்லை. ஒரே வகை அணுக்கள் இரண்டு சேர்ந்த அந்த மூலக்கூறுகள் அதிரும்போது அவற்றின் மின்னேற்றப் பரவல் சமநிலையிலேயே இருப்பதால், அவை அகச்சிவப்பு அலையைப் பற்றுவதுமில்லை, வெளியிடுவதுமில்லை. வேலை முழுவதையும் செய்பவை நீராவி, கார்பன் டை ஆக்சைடு, ஓசோன் போன்ற சிறுபான்மை வளிமங்கள். நீராவி 6.3 மைக்ரோமீட்டரை ஒட்டியும், ஏறத்தாழ 16 மைக்ரோமீட்டருக்கு மேலும் கதிரை வலுவாக உறிஞ்சுகிறது. கார்பன் டை ஆக்சைடு 15 மைக்ரோமீட்டரிலும் ஓசோன் 9.6 மைக்ரோமீட்டரிலும் உறிஞ்சுகின்றன. எந்த அலைநீளத்தில் நன்றாக உறிஞ்சுகிறதோ அதே அலைநீளத்தில் ஒரு பொருள் நன்றாக வெளியிடவும் செய்யும் என்பது கிர்க்காஃப் விதி; ஆகவே இந்தப் பட்டைகளில் வானம் பிரகாசமானது, அகச்சிவப்பைக் காணும் கண் ஒன்று இருந்தால் அது வானத்தை ஒளிரும் கூரையாகவே காணும். 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான இடைவெளியில் மட்டும், ஓசோனின் குறுகிய பட்டை நீங்கலாக, வறண்ட காற்று பெரும்பாலும் ஊடுருவத் தக்கது. வளிமண்டலச் சாளரம் என்று அழைக்கப்படும் அந்த வழியாகத்தான் நிலத்தின் வெப்பம் விண்வெளிக்குத் தப்பிச் செல்கிறது. ஆலைகளில் மோட்டாரின் சூட்டைத் தொடாமல் அளக்கப் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானிகள் இந்தச் சாளரத்தில் இயங்குவதால், அவற்றைத் தெளிந்த இரவில் நேரே மேல்நோக்கிப் பிடித்தால் காற்றின் வெப்பநிலையைவிட மிகக் குறைந்த, பல வேளைகளில் பூஜ்யத்துக்கும் கீழான எண் தெரியும். மேகம் வந்தால் அந்த எண் உடனே ஏறிவிடும். மேகத்தின் நீர்த்துளிகள் எல்லா அகச்சிவப்பு அலைநீளங்களிலும் வெளியிடுவதால், அது சாளரத்தை அடைத்துவிடுகிறது.

இந்த இயல்பை அதன் காரணம் தெரிவதற்கு முன்பே இந்திய மக்கள் தொழிலாக்கியிருந்தார்கள். அலகாபாத் பகுதியில், காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலேயே இருந்த குளிர்கால இரவுகளில், தரையில் வைக்கோலும் கரும்புத் தட்டையும் பரப்பி, அதன்மேல் ஆழமற்ற மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பனிக்கட்டி எடுத்ததைப் பற்றி ராபர்ட் பார்க்கர் 1775இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். வைக்கோல் கீழிருந்து வரும் சூட்டைத் தடுக்க, தண்ணீர் தன் வெப்பத்தைத் திறந்த வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றையும்விடக் குளிர்ந்து உறைந்தது. இது ஆவியாதலால் நிகழ்வதாகப் பலர் கருதிய காலத்தில், 1814இல் பனித்துளி பற்றிய நூலை வெளியிட்ட வில்லியம் சார்லஸ் வெல்ஸ், கதிர்வீச்சுதான் இதற்குக் காரணம் என்பதைத் தன் சோதனைகளால் நிறுவினார். உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மேலேறும் சாலையின் முடிவில் மூணாற்றுப் புல்வெளிகள் தை மாதத்தில் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதும் இதே நிகழ்வுதான்.

கருவியில்லாத ஓர் ஊரில் வானத்தின் கதிர்வீச்சைக் கணக்கிட்டுச் சொல்ல முடியுமா என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் 1910களில் தன் அளவீடுகளிலிருந்து, தரைமட்டத்தில் காற்றின் வெப்பநிலையும் நீராவியின் அளவும் தெரிந்தால் தெளிந்த வானத்தின் கதிர்வீச்சைக் கணக்கிட்டுவிடலாம் என்று காட்டும் ஒரு வாய்பாட்டை அமைத்தார். 1932இல் டேவிட் பிரண்ட் அதற்கு இன்னும் எளிய வடிவம் ஒன்றைத் தந்தார். பிரண்டின் வாய்பாட்டை ஓர் எடுத்துக்காட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். காற்று 20 டிகிரியில் இருக்கிறது. அதிலுள்ள நீராவி 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் படியத் தொடங்கும் என்று கொள்வோம். அப்போது அதே வெப்பநிலையில் உள்ள நிலம் சதுர மீட்டருக்கு 419 வாட் வெளியிட, தெளிந்த வானம் ஏறத்தாழ 330 வாட் திருப்பித் தரும். நிகர இழப்பு ஏறத்தாழ 89 வாட். அதாவது 3 டிகிரியில் உள்ள ஒரு கூரையின்கீழ் நிற்பதற்கு இது சமம். காற்று மிக வறண்டு, நீராவி படியும் வெப்பநிலை 5 டிகிரி என்று ஆனால் இழப்பு 120 வாட்டைத் தாண்டுகிறது. தாழ்ந்த மேகம் மூடினாலோ, இழப்பு சில பத்து வாட்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆடி இரவுக்கும் தை இரவுக்கும் இடையிலான வேறுபாட்டில் காற்றின் கலக்கலுக்கும் பங்கு உண்டு என்றாலும், அடிப்படைக் கணக்கு இதுதான்.

வெல்ஸுக்கும் ஆங்ஸ்ட்ராமுக்கும் தெரியாத ஒன்றை அடுத்துச் சொன்ன இருவர், உடுமலைக்கு நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், அதே கணவாயின் மேற்கு வாயிலில் இருக்கும் பாலக்காட்டில் பிறந்தவர்கள். கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன் 1893இலும், எல்.ஏ. ராமதாஸ் 1900இலும் பிறந்தார்கள்; இருவரும் கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்துவிட்டு, 1920களின் நடுவில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார்கள். பூமியின் மேல் மிகக் குளிர்ந்த காற்று துருவத்துக்கு மேல் இல்லை, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்று ராமநாதன் 1929இல் எடுத்துக்காட்டியது உலகின் கவனத்தை ஈர்த்தது. 1935இல் இருவரும் சேர்ந்து இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் ஆங்ஸ்ட்ராம் வாய்பாட்டை, அளவீடுகளோடு பொருத்திப் பெற்ற ஒன்றாக விட்டுவிடாமல், வளிமண்டலத்தின் கதிர்வீச்சுப் பண்புகளிலிருந்தே வருவித்துக் காட்டும் கட்டுரையை வெளியிட்டார்கள். அளவீட்டிலிருந்து பெற்ற வாய்பாடு அது பிறந்த ஊருக்கு மட்டுமே நம்பத் தக்கது. காரணத்திலிருந்து வருவித்தால்தான் அதை வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியும். வானத்தின் அகச்சிவப்பை மாதிரியாக்குவது என்று இன்று சொல்லப்படும் பணிக்கு உயிர்நாடி இதுவே.

அந்தப் பணி நடக்கும் விதம் கருத்தளவில் எளியது. வளிமண்டலத்தைத் தரையிலிருந்து மேல்நோக்கிப் பல அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வெப்பநிலை, அழுத்தம், நீராவி ஆகியவற்றைப் பலூன்களில் அனுப்பப்படும் கருவிகளிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிரை வெளியிடுகிறது, மேலிருந்து வருவதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு எஞ்சியதைக் கீழே விடுகிறது. இந்த வரவையும் செலவையும் அடுக்கடுக்காகக் கூட்டிக்கொண்டு தரைக்கு வந்துசேர்ந்தால், ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் வந்துசேரும் ஆற்றல், அதாவது கதிர்வீச்சுச் செறிவு, கிடைத்துவிடுகிறது. நேர் உச்சியில் காற்றின் வழி குறுகியது, தொடுவானத்தை நோக்கிச் சாயச் சாய வழி நீள்கிறது என்பதால், உச்சி வானம் குளிர்ந்தும் தொடுவானம் ஏறத்தாழக் காற்றின் வெப்பநிலையிலும் தோன்றும். வெப்பமண்டலச் சமவெளிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: நீராவி மிகுந்தால் சாளரத்துக்குள்ளும் அது மெல்லிய உறிஞ்சலைத் தருகிறது, அந்த உறிஞ்சல் நீராவியின் அளவைவிட வேகமாக வளர்கிறது, ஆகவே சென்னையின் ஆவணி மாத வானம் பாதி மூடிய சாளரம் போன்றது. லடாக்கின் ஹன்லேயில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் வானாய்வகம் அமைத்ததற்கு அங்குள்ள நீராவிக் குறைவும் ஒரு காரணம். ராமநாதன் முதல் இயக்குநராக இருந்த அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் பின்னர் 1,680 மீட்டர் உயரத்தில் மவுண்ட் அபுவில் 1.2 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியை நிறுவியதற்கும் இதே நோக்கம் உண்டு.

கருத்து எளிதானாலும் கணக்கு எளிதன்று. நீராவியின் உறிஞ்சல் நிறமாலையில் சீராகப் பரவியில்லை, நெசவுப் பாவில் நெருங்கி ஓடும் இழைகளைப் போல ஆயிரக்கணக்கான நுண்கோடுகளாகப் பிரிந்திருக்கிறது; ஒரு கோட்டின் நடுவில் சில மீட்டர் காற்றே முழுத்திரையாகிவிட, இரண்டு கோடுகளுக்கு இடையில் பல கிலோமீட்டர் காற்றும் திரையாவதில்லை. கணிப்பொறி இல்லாத காலத்தில் இத்தனையையும் கூட்ட வழியில்லாததால், சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிச் சென்ற ஜார்ஜ் சிம்சன் 1928இல் நிறமாலையை முழுவதும் மறைப்பவை, முழுவதும் விடுபவை, இடைப்பட்டவை என்று சில பெரும் பகுதிகளாகப் பிரித்தே கணக்கிட்டார். 1942இல் வால்டர் எல்சாசர் வரைபடத்தாளில் பென்சிலால் கோடிட்டுக் கதிர்வீச்சைப் படித்தறியும் முறையை உருவாக்கினார். வெப்பத்தை நாடிச் செல்லும் ஏவுகணைகளுக்காகவும் அவற்றைக் கண்டறிவதற்காகவும் அமெரிக்க விமானப் படையின் ஆய்வகம் 1970களின் தொடக்கத்தில் லோட்ரான் என்னும் கணிப்பொறி நிரலை வெளியிட்டது. அதே ஆய்வகத்தில் 1973இல் தொகுக்கப்பட்ட, ஏழு வளிமங்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோடுகள் கொண்ட பட்டியல், இன்று ஹிட்ரான் என்ற பெயரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளுக்கு விரிந்து, உலகெங்கும் இலவசமாகப் பயன்படுகிறது. போருக்காகத் தொடங்கிய கணக்கு இப்போது இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள்களின் படங்களிலிருந்து நிலத்தின் வெப்பநிலையைப் பிரித்தெடுக்கவும் உதவுகிறது. அங்கே அதே சமன்பாடு தலைகீழாக, மேலிருந்து கீழே பார்ப்பதற்காகத் தீர்க்கப்படுகிறது.

சாளரத்தின் முக்கியத்துவத்தை ஒரு தமிழர் உலகுக்குக் காட்டினார். சென்னையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த வீரபத்ரன் ராமநாதன், அமெரிக்காவில் ஆய்வாளரான பிறகு 1975இல், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் விட்டுவைத்த அந்தச் சாளரத்திலேயே உறிஞ்சுவதால், ஒரு மூலக்கூறு ஏறத்தாழப் பத்தாயிரம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்கு ஈடாகப் புவியை வெப்பப்படுத்த வல்லது என்று கணக்கிட்டுச் சொன்னார். பின்னலாடை ஊர்களுக்கும் இந்தச் சாளரம் அயலானதன்று: உடல் வெளியிடும் வெப்ப அலையைப் பருத்தித் துணி உறிஞ்சிக்கொள்ள, நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் துணி அதைக் கடந்துபோக விடுகிறது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டியதிலிருந்து, அணிந்தவரைக் குளிர்விக்கும் துணிகளுக்கான ஆய்வு விரைவாக வளர்ந்திருக்கிறது.

இத்தனை வளர்ச்சிக்குப் பிறகும் இந்தத் துறையின் மிகக் கூர்மையான சோதனையாக இருந்துவருவது ராமதாஸ் 1932இல் கண்ட ஒரு சிறிய விந்தை. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரைதான் கதிர்வீச்சால் குளிர்கிறது, காற்று அதைத் தொட்டுக் குளிர்கிறது, ஆகவே மிகக் குளிர்ந்த இடம் தரையாகவே இருக்க வேண்டும் என்பது அன்றைய பாடநூல்களின் முடிவு. வேளாண் வானிலைக்கென அதே ஆண்டில் புனேயில் தொடங்கிய பிரிவுக்குத் தலைமையேற்றிருந்த ராமதாஸும் அவருடைய உடனாய்வாளர் ஆத்மநாதனும் வெற்று நிலத்தின் மேல் சில சென்டிமீட்டர் இடைவெளிகளில் வெப்பநிலையை அளந்தபோது, மிகக் குளிர்ந்த காற்று தரையில் இல்லை, தரைக்கு மேலே ஏறத்தாழ 20 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில், தரையைவிடச் சில டிகிரி குறைவான வெப்பநிலையில் நிற்பதைக் கண்டார்கள். குளிர்ந்த காற்று கனமானது. சூடான தரைமேல் அது நிலைத்து நிற்பது, எண்ணெயின் மேல் தண்ணீர் நிற்பதைப் போல இயல்புக்கு மாறானது. அளவீட்டுப் பிழை, பக்கத்திலிருந்து வழிந்துவந்த குளிர்காற்று என்றெல்லாம் ஐரோப்பிய அறிஞர்கள் ஐயுற்றார்கள். 1950களில் ராஷ்கே என்னும் ஜெர்மானியர் புனேக்கே வந்து கவனமாக அளந்து, ராமதாஸ் கண்டது உண்மை என்று உறுதிசெய்தார். பின்னர் வேறு நாடுகளிலும் இது அளக்கப்பட்டு, இன்று ராமதாஸ் அடுக்கு என்ற பெயரைப் பெற்றிருக்கிறது.

இதற்கு முதல் முழுமையான கணிதக் கோட்பாட்டை 1993இல் வாசுதேவ மூர்த்தி, ஜே. சீனிவாசன், ரோத்தம் நரசிம்மா ஆகியோர் தந்தார்கள். வெற்று நிலம் முழுமையான கரும்பொருள் அன்று, வானிலிருந்து வரும் கதிரில் சிறு பகுதியை அது திருப்பி அனுப்புகிறது, அந்தத் திருப்பத்தால் தரையை ஒட்டிய காற்று மிகை வேகத்தில் குளிர்கிறது என்பது அவர்கள் கணக்கு தந்த முடிவு. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு பெங்களூருவின் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் பொன்னுலட்சுமி, முகுந்த், கணேஷ் சுப்பிரமணியன், ஸ்ரீநிவாஸ் உள்ளிட்ட குழுவினர் அந்தக் கணக்கை மீண்டும் பிரித்துப் பார்த்தபோது ஒரு நுட்பமான பிழை தென்பட்டது. காற்று கீழே அனுப்பும் கதிரெல்லாம் காற்று நன்றாக உறிஞ்சும் அலைநீளங்களில்தான் இருக்கும். தரை அதைத் திருப்பினாலும் அது அதே அலைநீளங்களிலேயே திரும்பும், சில மீட்டர்களுக்குள் மீண்டும் உறிஞ்சப்பட்டுவிடும். நிறமாலை முழுவதையும் ஒரே எண்ணால் சுருக்கிய பழைய முறையோ, திரும்பிய கதிர் எல்லா அலைநீளங்களிலும் பரவியிருப்பதாகக் கொண்டு, அதில் ஒரு பகுதி சாளரத்தின் வழியாகத் தப்பிச் செல்வதாகக் கணக்கிட்டுவிட்டது. தப்பிக்க முடியாத வெப்பம் தாளில் மட்டும் தப்பித்ததால், இல்லாத குளிர்ச்சி உண்டானது.

பிழையை நீக்கிய பின் தூய காற்றின் மாதிரி ராமதாஸ் அடுக்கைத் தரவில்லை. ஆனால் அடுக்கு இயற்கையில் இருந்தது. களத்திலும் ஆய்வகத்திலும் செய்த சோதனைகளிலிருந்து பெங்களூருக் குழு காட்டிய காரணம், தரையை ஒட்டி அடர்ந்து நிற்கும் நுண்துகள்கள்: மண்தூசியும் புகையும் போன்ற அவை வளிமங்களைப் போலப் பட்டைகளுக்குள் அடங்காமல் சாளரத்திலும் கதிரை வெளியிடுவதால், தம்மைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தை நேரே விண்வெளிக்கு இழக்கச் செய்கின்றன. புனேயின் வெற்று நிலத்தில் அளக்கப்பட்ட ஒரு விந்தையை விளக்க, வானத்தின் மாதிரிக்குள் தரையின் புழுதியையும் சேர்க்க வேண்டியிருந்தது.

உடுமலைத் தக்காளித் தோட்டங்களுக்கு இதில் நேரடிப் பொருள் உண்டு. வானிலை நிலையங்களின் வெப்பமானி தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் பெட்டிக்குள் நிற்கிறது. முன்னறிவிப்பு மாதிரிகளின் மிகக் கீழான அடுக்கு பெரும்பாலும் பத்து மீட்டரை ஒட்டியே தொடங்குகிறது. புதிதாக நட்ட நாற்றின் தளிர் இருக்கும் உயரமோ ஒரு சாணிலிருந்து இரண்டு சாண், அதாவது ராமதாஸ் மிகக் குளிர்ந்த காற்றைக் கண்ட அதே உயரம். நாற்றுகளுக்கு இடையில் நிலம் வெறுமையாகவே கிடக்கும் நாட்களும் அவைதான். இலைகளின் மேல் ஈரம் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தக்காளியின் கருகல் நோய் பரவுகிறது; அந்த நேரத்தைக் கணக்கிட, பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியின் எண் போதாது, அந்த இரண்டு சாண் காற்றும் அதன் மேலுள்ள முழு வானமும் ஒரே கணக்குக்குள் வர வேண்டும்.